சேவைகளை எங்கே பிரிப்பது: சேவைசார் மென்பொருள் வடிவமைப்பைக் கற்கும் முறைகள்

கொழும்பில் மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர் ஒருவரிடம் மைக்ரோசேர்விஸ், அதாவது ஒரு பெரிய மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாகப் பிரித்துக் கட்டும் முறை, தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதிலில் பொய் இல்லை. டொக்கரில் ஒரு சேவையை ஏற்றி இயக்கவும், ஸ்பிரிங் பூட்டில் ஓர் ஏ.பி.ஐ. (ஒரு மென்பொருளை இன்னொன்று அழைப்பதற்கான வாயில்) எழுதவும், கஃப்கா வழியாகச் செய்தி அனுப்பவும் அவர் உண்மையிலேயே பழகியிருப்பார். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. இந்த மென்பொருளை ஐந்து சேவைகளாகப் பிரித்தது ஏன், மூன்றாகவோ ஒன்றாகவோ வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும், நாளை ஒரு சட்டவிதி மாறினால் இவற்றுள் எத்தனையைத் திறந்து திருத்த வேண்டிவரும் என்று கேட்டால், கருவிகளின் பெயர்களையே மறுபடியும் அடுக்கத் தொடங்குவார்.

இதற்கு மாணவரைக் குறை சொல்வதில் பயனில்லை. சேவைசார் வடிவமைப்பு அடிப்படையில் எல்லைகளைத் தீர்மானிக்கும் வேலை. எந்தப் பொறுப்பு எதனோடு சேர்ந்திருக்க வேண்டும், எது எதை அறியாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கேள்வி. நமது கற்கைநெறிகளிலும் குறுங்காலப் பயிற்சி வகுப்புகளிலும் யூடியூப் தொடர்களிலும் பாடம் கருவியில் தொடங்கிக் கருவியிலேயே முடிகிறது. எல்லைகளோ முன்கூட்டியே வரையப்பட்டு, பயனர் சேவை, பொருள் சேவை, ஓடர் சேவை என்று மாணவரின் கையில் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. தீர்மானிக்கும் வாய்ப்பே கிடைக்காதவருக்குத் தீர்மானிக்கும் திறன் வளர வழியில்லை. பிரித்துப் பார்ப்பது, அந்தப் பிரிப்பின் மேல் மாற்றங்களை ஏவுவது, எது தாங்கியது எது முறிந்தது என்று கணக்கெடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த பயிற்சியே இத்துறையைக் கற்பதற்கான முதன்மை வழி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பெயர்கள் வந்த வழி

இத்துறையில் பெயர்கள் மாறும் வேகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றும் ஒரு புதிய கலை என்று மயங்குவது எளிது. சேவைசார் கட்டமைப்பு என்ற கருத்துக்கு அந்தப் பெயரை 1996 இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் வழங்கின. 2000 ஆம் ஆண்டை ஒட்டி சேவைகள் செய்தி பரிமாறும் வடிவத்துக்கான சோப், ஒரு சேவையை விவரிப்பதற்கான டபிள்யூ.எஸ்.டி.எல்., சேவைகளைப் பட்டியலிடுவதற்கான யூ.டி.டி.ஐ. ஆகிய தரங்கள் வந்தன. அதே 2000 இல்தான் ரோய் ஃபீல்டிங் தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் கட்டமைப்புப் பாணியை விவரித்தார். 2014 இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரை மைக்ரோசேர்விஸ் என்ற சொல்லைப் பரவலாக்கியது. இந்தப் பட்டியலை மனனம் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஆனால் இதற்குள் இருக்கும் ஒரு தோல்வியை நின்று பார்க்கலாம்.

யூ.டி.டி.ஐ. என்பது சேவைகளுக்கான பகிரங்கப் பெயர்ப்பதிவேடு. எந்த நிறுவனமும் தன் சேவையை அதில் பதிந்து வைக்கும். வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் தனக்குத் தேவையானதை அங்கே தானாகவே தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கணத்திலேயே இணைந்துகொள்ளும் என்பது கனவு. ஐ.பி.எம்., மைக்ரோசொஃப்ட், சாப் ஆகியவை நடத்திய பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. தொழில்நுட்பம் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு காப்புறுதி நிறுவனத்தோடு இணைவதற்கு முன் விலை பேச வேண்டும், பொறுப்பை யார் ஏற்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும், தரவு யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்க வேண்டும். இவற்றை எந்தப் பதிவேடும் தானாகச் செய்துவிடாது. ஒரு சேவையின் எல்லை பல வேளைகளில் ஒரு நிறுவனத்தின் எல்லையாகவும் இருக்கிறது என்பதை மாணவருக்குப் புரியவைக்க இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வரலாற்றில் கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு. டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 ஆவணத்தின் ஆசிரியர்களுள் ஒருவர் சஞ்ஜீவ வீரவரண. அவர் 2003 இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனையும், 2005 இல் வேறு சிலரோடு இணைந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தையும் தொடங்கினார். அபாச்சி அக்சிஸ்2 என்ற இணையச் சேவை இயந்திரத்தின் கட்டமைப்பு 2004 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய சந்திப்பிலேயே உருவம் பெற்றது, அதன் 1.0 பதிப்பு 2006 இல் வெளிவந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அபாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் செயற்றிட்டங்களில் கோட் மட்டுமன்றி, அந்தக் கோட்டை ஏன் அவ்வாறு எழுதினார்கள் என்ற வாதப்பிரதிவாதமும் பகிரங்கமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஒரு யோசனை முன்வைக்கப்பட்டு, எதிர்க்கப்பட்டு, திருத்தப்பட்டு, சில வேளை கைவிடப்பட்ட வரிசையை அப்படியே வாசிக்கலாம். முடிந்துபோன வரைபடத்தைப் பாடநூலில் பார்ப்பவருக்கு மாற்று வழிகள் இருந்தன என்பதே தெரியாமல் போகிறது. வடிவமைப்பைக் கற்க விரும்புபவர் விவாதத்தை வாசிக்க வேண்டும். நம் ஊரில் பிறந்த விவாதங்களே அதற்குக் கிடைக்கின்றன என்பது ஒரு வசதி.

இரண்டு பிரிப்புகள், ஒரே மாற்றங்கள்

மென்பொருளை எந்த அடிப்படையில் கூறுகளாகப் பிரிப்பது என்ற கேள்விக்கு டேவிட் பார்னஸ் 1972 இல் எழுதிய குறுங்கட்டுரை இன்றைக்கும் மிகச் சிறந்த பாடமாக இருப்பதற்குக் காரணம், அதன் முடிவு மட்டுமல்ல, அதன் முறையும்தான். வரிகளின் சொற்களைச் சுழற்றி அகரவரிசைப்படுத்தும் ஒரு சிறிய மென்பொருளை எடுத்து, அதை அவர் இருவிதமாகப் பிரித்தார். முதற்பிரிப்பு வேலை நடக்கும் வரிசையைப் பின்பற்றியது: உள்ளிடு, சுழற்று, வரிசைப்படுத்து, வெளியிடு. இரண்டாவது பிரிப்பில் ஒவ்வொரு கூறும், பின்னர் மாறக்கூடிய ஒரு தீர்மானத்தைத் தனக்குள் மறைத்துவைத்தது. பிறகு, உள்ளீட்டின் வடிவம் மாறினால் என்ன, தரவைச் சேமிக்கும் விதம் மாறினால் என்ன என்று ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டின் மேலும் ஏவி, எத்தனை கூறுகள் தொடப்படுகின்றன என்று பார்த்தார். முதற்பிரிப்பில் சேமிப்பு முறையின் ஒரு மாற்றம் எல்லாக் கூறுகளையும் தொட்டது. இரண்டாவதில் அது ஒன்றோடு நின்றது.

இந்த முறையை அப்படியே சேவைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். கொழும்பு மாணவருக்குப் பொருத்தமான களம் வாகன வருமான அனுமதிப்பத்திரம். வாகனம் வைத்திருக்கும் எவரும் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளாவது இருந்தால் மாணவருக்கு அது தெரிந்த விடயம். வாகனப் பதிவு மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தின் வருமானம் மாகாண சபைக்கு உரியது. பத்திரம் பிரதேச செயலகங்கள் வழியாகவும் இணையத்திலும் கிடைக்கிறது. காப்புறுதிச் சான்று தனியார் நிறுவனங்கள் பலவற்றிடமிருந்தும் அரச நிறுவனத்திடமிருந்தும் வருகிறது. புகைப் பரிசோதனைச் சான்று இன்னொரு தரப்பிடமிருந்து வருகிறது. தரவு தருபவர்கள் வெவ்வேறு நிறுவனங்கள் என்பதால், இங்கே சேவைசார் சிந்தனை அலங்காரத்துக்கு வருவதல்ல. இனி நான் விவரிப்பது வகுப்பறைப் பயிற்சிக்காக எளிமையாக்கப்பட்ட வடிவம்.

மாணவரிடம் எதுவும் சொல்லாமல் பிரிக்கச் சொன்னால், பெரும்பாலோர் கருமபீடத்தில் நடக்கும் வரிசையையே வரைவார்கள்: வாகன விவரம் பெறும் சேவை, காப்புறுதி சரிபார்க்கும் சேவை, புகைச் சான்று சரிபார்க்கும் சேவை, கட்டணம் கணக்கிடும் சேவை, பணம் பெறும் சேவை, பத்திரம் அச்சிடும் சேவை. வரைபடம் தெளிவாகவே இருக்கும். அதன் ஊடாக ஒரு பெரிய வாகனப் பதிவு கைமாறிக்கொண்டே போகும் என்பது மட்டும் வரைபடத்தில் தெரியாது. இரண்டாவது பிரிப்பைச் செய்யும்போது கேள்வியை மாற்ற வேண்டும்: இங்கே எவை மாறக்கூடியவை, அந்த மாற்றத்தைத் தீர்மானிப்பவர் யார்? அப்போது வேறு நான்கு கூறுகள் கிடைக்கின்றன. எந்த வாகனத்துக்கு எந்தச் சான்றுகள் வேண்டும், அவை யாரிடமிருந்து எந்த வடிவில் வருகின்றன என்பதை முழுமையாகத் தனக்குள் வைத்திருக்கும் 'தகுதி'. மாகாணத்துக்கு மாகாணம் மாறும் கட்டணத்தையும் தாமதத் தண்டத்தையும் அறிந்த 'கட்டணம்'. வங்கிகளோடு பேசும் 'கொடுப்பனவு'. பத்திரத்தின் நிலையைக் காக்கும் 'அனுமதி'.

இப்போது மாற்றங்களை ஏவலாம். மின்சார வாகனத்துக்குப் புகைப் பரிசோதனை தேவையில்லை என்பதை எடுத்துக்கொள்வோம். முதற்பிரிப்பில் வாகன விவரச் சேவை எரிபொருள் வகையை வெளியே தர வேண்டும், வேலைவரிசையை நடத்தும் நிரல் ஒரு படியைத் தாண்டிச் செல்லப் பழக வேண்டும், புகைச் சான்று இலக்கம் இல்லாமலும் பத்திரம் அச்சிட அச்சுச் சேவை தயாராக வேண்டும். இரண்டாவது பிரிப்பில் 'தகுதி' மட்டுமே திறக்கப்படுகிறது. புதிதாக ஒரு காப்புறுதி நிறுவனம் வேறொரு வடிவில் தரவு அனுப்பினாலும் அவ்வாறே.

அடுத்த மாற்றம் இன்னும் நுட்பமானது. இலங்கையின் வாகன இலக்கத் தகடுகளில் மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் முன்பு இருந்தன. மேல் மாகாணத்துக்கு டபிள்யூ.பி. அண்மைய ஆண்டுகளில் வழங்கப்படும் புதிய தகடுகளில் அவை இல்லை. எந்த மாகாணத்தின் கட்டணப் பட்டியல் பொருந்தும் என்பதை இலக்கத் தகட்டின் முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு மாணவர் எழுதியிருந்தால், அன்றைக்கு அது முழுக்க நியாயமான குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியைக் கட்டணச் சேவையும், அறிக்கைகள் தயாரிக்கும் நிரலும், கைத்தொலைபேசிச் செயலியின் திரையும் தனித்தனியே பயன்படுத்தியிருந்தால் பிழை மூன்று இடங்களில் முளைக்கும். வாகனம் எந்த மாகாணத்துக்கு உரியது என்ற கேள்விக்கு ஒரேயொரு இடம் மட்டுமே விடை சொல்வதாக இருந்திருந்தால், அந்த விடை எவ்வாறு கண்டுபிடிக்கப்படுகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியிருக்காது. தகவலை மறைத்தல் என்று பார்னஸ் சொன்னதை வரைவிலக்கணமாகப் படிப்பவரும், தன் நிரலில் மூன்று இடங்களைத் தேடித் திருத்துபவரும் அதை ஒரே ஆழத்தில் புரிந்துகொள்வதில்லை.

இரண்டாவது பிரிப்பே எப்போதும் வெல்லும் என்ற எண்ணத்தை இங்கே மாணவரிடம் விட்டுவைக்கக் கூடாது. வாடகை வாகன நிறுவனம் ஒன்று தனது நாற்பது வாகனங்களின் பத்திரங்களையும் ஒரே கொடுப்பனவில் புதுப்பிக்கக் கேட்கிறது என்று வையுங்கள். ஒரு கொடுப்பனவுக்கு ஒரு பத்திரம் என்ற எடுகோள் 'கொடுப்பனவு', 'அனுமதி' ஆகிய இரண்டுக்குள்ளும் ஊறியிருந்தால் இந்தப் பிரிப்பும் இரண்டு இடங்களில் முறியும். நாற்பதில் மூன்று வாகனங்களுக்குச் சான்று காலாவதியாகியிருந்தால் பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி அதற்கு மேல் எழும். எந்தப் பிரிப்பும் சில மாற்றங்களின் மேல் கட்டப்படும் பந்தயம். எந்த மாற்றங்களின் மேல் பந்தயம் கட்டினோம் என்று சொல்லத் தெரிவதே வடிவமைப்பாளரின் வேலை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாணவர் மூன்று எண்களை எழுத வேண்டும்: திறக்கப்பட்ட சேவைகள் எத்தனை, மாறிய ஒப்பந்தங்கள் (ஒரு சேவையை எப்படி அழைப்பது, அது என்ன விடை தரும் என்ற உடன்பாடுகள்) எத்தனை, ஒரே நேரத்தில் வெளியிட்டே ஆக வேண்டிய சேவைகள் எத்தனை. இவற்றுள் மூன்றாவதுதான் கூர்மையானது. எந்த மாற்றம் வந்தாலும் இரண்டு சேவைகளைச் சேர்த்தே வெளியிட வேண்டியிருந்தால், இடையில் வலையமைப்பு இருப்பதைத் தவிர அவை ஒரே மென்பொருள்தான். பிரித்ததால் கிடைத்தது தாமதமும் புதிய பிழைவாய்ப்புகளும் மட்டுமே.

இந்தப் பயிற்சியை வரைபடத்தோடு நிறுத்துவதா, நிரலாகவும் எழுதவைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதலில் முழுவதையும் ஒற்றை மென்பொருளாக எழுதவைத்து, பிறகு பிரிக்கச் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். ஃபவுலரும் 2015 இல் தொழிற்றுறைக்கு இதே ஆலோசனையைக் கூறியிருக்கிறார். வகுப்பறைக்கு அதற்கும் மேலான ஒரு காரணம் இருக்கிறது. ஒற்றை மென்பொருளில், தண்டம் செலுத்த வேண்டிய வாகனங்களின் பட்டியலை நான்கு அட்டவணைகளை இணைக்கும் ஒரே எஸ்.கியூ.எல். (தரவுத்தள வினவல் மொழி) வாக்கியத்தில் எடுத்துவிடலாம். தரவுத்தளத்தைச் சேவைவாரியாகப் பிரித்த மறுநாள் அந்த வாக்கியம் ஓடாது. அதன் இடத்தில் மூன்று ஏ.பி.ஐ. அழைப்புகளும், விடைகளைச் சேர்க்கும் நிரலும், இடையில் ஒன்று தாமதமானால் என்ன செய்வது என்ற கேள்வியும் வந்து நிற்கும். பிரிப்பின் விலையை மாணவர் தம் கையால் எண்ணிக் கொடுக்கும் இடம் அது.

களத்தை அறிந்தவரிடம் கேட்பது

எல்லை எங்கே என்பது பெரும்பாலும் நிரலாளருக்குத் தெரியாது. வேலை செய்பவருக்கே தெரியும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வாகனம் என்றால் எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், உரிமையாளர். காப்புறுதி நிறுவனத்துக்கு அதன் பெறுமதியும் முன்னைய இழப்பீட்டுக் கோரிக்கைகளும். புகைப் பரிசோதகருக்கு எரிபொருள் வகையும் அளவீட்டு முடிவும். இவை அனைத்தையும் அடக்கும் ஒரே வாகன அட்டவணையை உருவாக்குவது தொடக்க மாணவரின் இயல்பான விருப்பம். அவ்வாறு உருவாக்கினால் ஒருவரின் தேவைக்கான ஒவ்வொரு திருத்தமும் எல்லோரையும் தொடும். ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய மாதிரியைத் தன் வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும், வட்டங்கள் சந்திக்கும் இடத்தில் மட்டும் உடன்பாடு இருக்கட்டும் என்பதை எரிக் எவான்ஸ் 2003 இல் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்.

அந்த வட்டங்களைக் கண்டுபிடிக்க, அல்பர்ட்டோ பிராண்டொலினி 2013 அளவில் அறிமுகப்படுத்திய இவென்ட் ஸ்டோர்மிங் முறை வகுப்பறைக்கு நன்றாகப் பொருந்துகிறது. தேவைப்படுவது நீளமான சுவரும் ஒட்டுத்தாள்களும் மட்டுமே. நடந்து முடிந்த நிகழ்வுகளை மட்டும் எழுத வேண்டும்: காப்புறுதி காலாவதியாயிற்று, கட்டணம் பெறப்பட்டது, உரிமையாளர் மாறினார், பத்திரம் வழங்கப்பட்டது. பிறகு அவற்றைக் கால வரிசையில் ஒட்டி, எந்த இடத்தில் ஒரு நிகழ்வு ஒரு தரப்பின் கையை விட்டு இன்னொரு தரப்பின் கைக்குப் போகிறது என்று தேட வேண்டும். பிரதேச செயலகத்தில் பணியாற்றிய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரை ஒரு மாலைப் பொழுதுக்கு அழைத்துவர முடிந்தால் இந்தப் பயிற்சியின் தரமே மாறும். பத்திரம் தொலைந்தவர், உரிமையாளர் இறந்துபோன வாகனம், இரண்டு ஆண்டுகளாக ஓடாமல் நின்ற லொறி என்று மாணவர் கற்பனைக்கு எட்டாத நிலைமைகளை அவர் வரிசையாகச் சொல்வார். அவற்றில் ஒன்றிரண்டு, அதுவரை அழகாக இருந்த வரைபடத்தைக் கலைத்துவிடும். அழைத்துவர முடியாதபோது விரிவுரையாளரே அந்த வேடத்தை ஏற்கலாம்; ஆனால் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும், தாமாக எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

ஒப்பந்தம் எழுதும் பயிற்சிக்கு இரண்டு குழுக்கள் போதும். ஒரு குழு சேவையை எழுதுகிறது, மற்றது அதைப் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிறது, இரண்டுக்கும் இடையில், சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் ஓப்பன் ஏ.பி.ஐ. ஆவணம் ஒன்றைத் தவிர வேறு பேச்சே இருக்கக் கூடாது. இணைக்கும் நாளில், திகதியில் முதலில் வருவது நாளா மாதமா, தொகை ரூபாயிலா சதத்திலா, சான்று இல்லை என்பதும் சான்றைத் தேட முடியவில்லை என்பதும் ஒரே விடையா என்பன போன்றவை வரிசையாக வெளியே வரும். கடைசிக் கேள்வியைத்தான் மாணவர் அதிகம் தவறவிடுகிறார்கள். காப்புறுதி நிறுவனத்தின் சேர்வர் இயங்காதபோது உரிமையாளருக்கு உங்களிடம் காப்புறுதி இல்லை என்று செய்தி போனால், அது தொழில்நுட்பக் குறை என்ற அளவில் நிற்காது. மென்பொருள் ஒருவர் மீது பொய் சொல்லியிருக்கிறது.

முறிவைப் பாடமாக்குதல்

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பீட்டர் டொய்ச் 1994 அளவில், பரவிய கணினி அமைப்புகளை எழுதுபவர்கள் கொள்ளும் தவறான எடுகோள்களின் பட்டியலொன்றைத் தொகுத்தார். அதில் முதலாவது, வலையமைப்பு நம்பகமானது என்பது. இதைப் பட்டியலாகக் கற்பிப்பதைவிடக் கணக்காகக் கற்பிப்பது மேல். ஒரு சேவை ஆண்டில் 99.5 சதவீத நேரம் இயங்குகிறது என்றால், அது இயங்காத நேரம் ஏறத்தாழ 1.8 நாட்கள். ஒரு கோரிக்கை நிறைவேற ஐந்து சேவைகளும் ஒரே வேளையில் இயங்க வேண்டும், அவற்றின் முறிவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், 0.995 ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைப்பது 97.5 சதவீதம், அதாவது ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கோரிக்கை நிறைவேறாது. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, பிரித்தோம், அவ்வளவுதான். மறுமுயற்சி இதைத் தீர்க்கும் என்று நினைப்பவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. சங்கிலியில் மூன்று அடுக்குகளும் தத்தம் அழைப்பை மும்மூன்று முறை முயன்றால், அடியில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சேவைக்கு ஒரேயொரு கோரிக்கை 27 அழைப்புகளாகப் போய்ச் சேரும்.

கணக்குக்குப் பிறகு செய்முறை. ஆய்வுகூடத்தில் 'கொடுப்பனவு' சேவையை, பணத்தைக் கழித்த பிறகு பதில் அனுப்புவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். அதை அழைத்த 'அனுமதி' சேவைக்குத் தெரிவது டைம்அவுட், அதாவது உரிய நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது மட்டுமே. கோரிக்கை போய்ச் சேரவே இல்லையா, அல்லது சேர்ந்து வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா என்பதை அந்த இடத்தில் இருந்துகொண்டு அறிய முடியாது. உரிமையாளர் பொத்தானை மீண்டும் அழுத்துகிறார்; அட்டையிலிருந்து இரண்டாவது முறையும் பணம் போகிறது. பெரும்பாலான மாணவர் முதலில் செய்வது பொத்தானை மங்கலாக்குவது. கைத்தொலைபேசியை மூடித் திறந்தால் அந்த ஏற்பாடு பயனற்றுப்போகும் என்று காட்டிய பிறகே, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தொடக்கத்திலேயே தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் மறுபடி வந்தால் பணத்தைக் கழிக்காமல் பழைய விடையையே திருப்பித் தரும் வழியை அவர்கள் அடைகிறார்கள். விரிவுரையில் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். தாமாக அடைய இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தை வீணென்று கருதும் பாடத்திட்டங்கள் நம்மிடம் அதிகம்.

பல சேவைகளில் பரவிய வேலை பாதியில் நின்றால், ஏற்கெனவே முடிந்த படிகளை ஈடுசெய்யும் செயல்களால் திருப்பிக்கொண்டுவரும் முறைக்கு சாகா என்று பெயர். 1987 இல் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கெனத் சேலமும், நீண்ட நேரம் ஓடும் தரவுத்தள வேலைகளுக்காக அதை முன்வைத்தார்கள். சேவைசார் உலகம் பின்னர் அதை எடுத்துக்கொண்டது. இங்கே கற்க வேண்டியது முறையின் பெயரை அல்ல, படிகளின் வரிசையை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அச்சிட்டுக் கண்ணாடியில் ஒட்டிய பத்திரத்தைத் திருப்பி எடுப்பது வேறு விடயம். மீளப் பெற முடியாத படியைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதை மாணவர் இந்த இடத்தில் தாமே கண்டுகொள்வார்கள்.

குழுவும் மதிப்பீடும்

பகலில் வேலை செய்து மாலையில் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பி.சி.எஸ். பரீட்சைக்கோ கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்துக்கோ படிப்பவர்களுக்கு இப்படியான குழுப் பயிற்சிகள் எளிதில் அமைவதில்லை. அவர்களிடம் முழுநேர மாணவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: அலுவலகத்தில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள். மைக்கல் நைகார்ட் 2011 இல் முன்வைத்த தீர்மானக் குறிப்பு முறை இவர்களுக்குப் பெரிதும் உதவும். சூழ்நிலை என்ன, எடுத்த தீர்மானம் என்ன, அதன் விளைவுகள் எவை என்று ஒன்றிரண்டு பக்கங்களில் எழுதுவதே அது. ஏற்கெனவே எடுக்கப்பட்ட தீர்மானங்களுக்குப் பின்னோக்கி இத்தகைய குறிப்புகளை எழுதிப் பார்த்து, அந்தக் காலத்தில் இருந்த மூத்த பொறியியலாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். விளைவுகள் பகுதியில் நன்மைகளை மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

குழுவாகப் படிப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. மெல்வின் கொன்வே 1968 இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் கதை வருகிறது. கோபோல், அல்கோல் என்னும் இரு நிரல் மொழிகளுக்கான கம்பைலர்களை (நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்களை) எழுத எட்டுப் பேர் இருந்தார்கள்; ஐவர் கோபோலுக்கும் மூவர் அல்கோலுக்கும் ஒதுக்கப்பட்டனர். முடிவில் கோபோல் கம்பைலர் ஐந்து கட்டங்களிலும் அல்கோல் கம்பைலர் மூன்று கட்டங்களிலும் ஓடியது. ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் இருக்கும் தொடர்பாடல் வடிவத்தையே பிரதிபண்ணும் என்பது அவரது வாதம். நமது பல்கலைக்கழக ஒப்படைகளில் இதை ஒவ்வோர் அரையாண்டிலும் பார்க்கலாம். நால்வர் கொண்ட குழு நான்கு சேவைகளை ஒப்படைக்கிறது, ஐவர் கொண்ட குழு ஐந்தை. வேலையைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற தேவை எல்லைகளை வரைந்துவிடுகிறது. பிறகு அறிக்கையில் அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் தேடி எழுதப்படுகிறது. ஆளுக்கொரு சேவை என்ற வசதியைக் குலைக்க, அரையாண்டின் நடுவில் குழு உறுப்பினரை இடம்மாற்றி, இன்னொருவர் எழுதிய சேவையில் ஒரு மாற்றத்தைச் செய்யச் சொல்லலாம். எரிச்சல் வரும், ஒப்பந்தங்கள் ஏன் எழுதப்படுகின்றன என்பதும் அதோடு விளங்கும்.

இவையெல்லாம் புள்ளி வழங்கும் முறையில் வந்து தங்காவிட்டால் நிலைக்காது. இயங்கும் டெமோவுக்கே புள்ளிகளில் பெரும்பகுதி போகுமானால், மாணவர் டெமோவையே செய்வார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவகம் உருவாக்கிய ஏட்டாம் (ATAM) என்ற கட்டமைப்பு மதிப்பீட்டு முறையில், கட்டமைப்பொன்று குறிப்பான சூழ்நிலைகளின் முன் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகிறது. அதன் சிறு வடிவத்தை வாய்மொழிப் பரீட்சையாக வைக்கலாம். ஒரு காப்புறுதி நிறுவனத்தின் சேர்வர் இரண்டு மணி நேரம் இயங்கவில்லை, மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர் பாதிக்கப்படுவார்களா? ஒரு மாகாணம் மட்டும் தண்டத்தை நீக்கினால் எந்தச் சேவை திறக்கப்படும், எது மூடியபடியே இருக்கும்? இத்தகைய இரண்டு கேள்விகளும், முன்பு எழுதிய மூன்று எண்களின் பட்டியலும், தீர்மானக் குறிப்புகள் சிலவும் ஒரு குழுவின் புரிதலை டெமோவைவிட நேராகக் காட்டும்.

கூடவே, ஒப்படையின் தலைப்பிலிருந்து மைக்ரோசேர்விஸ் முறையில் என்ற நிபந்தனையை எடுத்துவிடலாம். எத்தனை சேவைகள் என்பதை முன்கூட்டியே கட்டளையிட்டுவிட்டுப் பிறகு வடிவமைப்புக்குப் புள்ளி போடுவதில் பொருளில்லை. மூவர் கொண்ட ஒரு குழு தேவைகளை ஆராய்ந்து, மாற்றங்களை ஏவிப் பார்த்து, இதற்கு ஒற்றை மென்பொருளே போதும், 'கொடுப்பனவு' மட்டும் வெளியே நிற்கட்டும் என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தால், அந்தக் குழுவுக்கு முழுப் புள்ளி கிடைக்க வேண்டும்.